ஒரு பழக்கம் எப்படி ஊறிப்போகிறது?

விடியற்காலை 5.30 மணிக்கு நம் ஊர்த் தெருக்களில் நடந்தால் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கும். பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டு உள்ளே போகிற பெண்கள் யாரும் "இன்றைக்குக் கோலம் போட எனக்கு ஊக்கம் இருக்கிறதா?" என்று யோசித்து நிற்பதில்லை. முதல் நாள் இரவு தூக்கம் கெட்டிருக்கலாம், இடுப்பு வலிக்கலாம், வீட்டில் சண்டை நடந்திருக்கலாம். கை தானாகக் கோலமாவு டப்பாவுக்குப் போகிறது. புள்ளி வைக்கும்போதே மனம் மதியச் சமையலையோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. வருஷம் முழுக்க இது நடக்கிறது. இதை யாரும் சுயகட்டுப்பாடு என்று சொல்வதில்லை. விடாமுயற்சி என்று பாராட்டுவதும் இல்லை.

அதே தெருவில் இன்னொருவர் ஜனவரி முதல் தேதி, "இந்த வருஷம் தினமும் நடக்கப் போகிறேன்" என்று சொல்லிப் புது ஷூ வாங்கியிருப்பார். பொங்கல் வரை நடந்திருப்பார். பொங்கலுக்குச் சொந்த ஊர் போய்த் திரும்பியதும் அது நின்றுபோயிருக்கும். "எனக்கு மனவுறுதி போதாது" என்று தன்னையே நொந்துகொள்வார். அந்தப் பழியை அவர் சுமக்க வேண்டியதில்லை. கோலம் போடுகிறவருக்கும் நடையை விட்டவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மனவலிமையில் இல்லை. ஒருவருக்கு அந்தச் செயல் பழக்கமாகிவிட்டது. மற்றவர் ஒவ்வொரு காலையும் அதைப் புதிதாக முடிவெடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. தினமும் முடிவெடுக்கிறவர் என்றாவது ஒருநாள் வேண்டாம் என்றுதான் முடிவெடுப்பார்.

ஆகவே சுயகட்டுப்பாடு வேண்டும் என்று நினைக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பழக்கம் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான்.

உளவியல் இதைப் பற்றிச் சொல்வது எளிமையானது. ஒரே மாதிரியான சூழலில் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்தச் சூழலும் செயலும் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு சூழல் வந்தாலே போதும், யோசிக்காமல் செயலும் வந்துவிடும். சாப்பிட்டுக் கை கழுவியதும் வெற்றிலை பாக்குத் தேடுவது, பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைபேசியை எடுப்பது, படியிறங்கும்போதே செருப்புக்குள் கால் நுழைவது எல்லாம் இப்படி வந்தவைதான். முதலில் தூண்டுகிற ஒன்று இருக்கும். அது ஒரு நேரமாக இருக்கலாம், ஒரு இடமாக இருக்கலாம், ஒரு ஆளாகவோ சற்றுமுன் முடித்த ஒரு வேலையாகவோகூட இருக்கலாம். அடுத்தது செயல். அதன் முடிவில் ஏதோ ஒரு பலன்: நாக்குக்கு ருசி, சலிப்பிலிருந்து விடுதலை, வேலை முடிந்த நிம்மதி. பலன் உடனே கிடைத்தால் ஒட்டுதல் சீக்கிரம் இறுகும். நல்லது மெதுவாகவும் கெட்டது வேகமாகவும் ஊறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நடைப்பயிற்சியின் பலன் மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனைத் தாளில்தான் தெரியும். பஜ்ஜியின் பலன் முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

இந்த ஒட்டுதல் எவ்வளவு பிடிவாதமானது என்பதைக் காட்டும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வெண்டி வுட் என்ற உளவியலாளரும் டேவிட் நீலும் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை நடத்தி, முடிவை 2011இல் வெளியிட்டார்கள். சினிமா பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்ன், சிலருக்கு ஒரு வாரத்துக்கு முன் பொரித்து நமுத்துப்போன பாப்கார்ன். தியேட்டரில் வழக்கமாகப் பாப்கார்ன் சாப்பிடுகிறவர்கள் நமுத்ததையும் புதியதைப் போலவே சாப்பிட்டுத் தீர்த்தார்கள். அது நன்றாக இல்லை என்று அவர்களுக்கே தெரிந்தும் கை நிற்கவில்லை. ஆனால் தியேட்டருக்குப் பதில் ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்துத் திரையில் பாட்டுக் காட்சிகளைப் போட்டபோது, அதே பழக்கமுள்ளவர்கள் நமுத்த பாப்கார்னை ஒதுக்கிவிட்டார்கள். தியேட்டரிலேயேகூட, வழக்கமாகச் சாப்பிடாத கையால் சாப்பிடச் சொன்னபோது குறைத்துக்கொண்டார்கள். இடமோ கையோ மாறியதும் மனம் விழித்துக்கொண்டது.

நாம் ஒரு நாளில் செய்வதில் எவ்வளவு இப்படி நடக்கிறது? வெண்டி வுட்டின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் மணிக்கு ஒருமுறை தாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று குறித்துவைத்தார்கள். சுமார் 43 சதவீதச் செயல்கள் கிட்டத்தட்டத் தினமும், பெரும்பாலும் ஒரே சூழலில் செய்யப்பட்டவை. அவற்றைச் செய்யும்போது மனம் பெரும்பாலும் வேறெங்கோ இருந்தது. மூளையின் உட்பகுதியில் இருக்கும் பேசல் கேங்க்லியா என்ற நரம்பணுத் திரள்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூளை ஆய்வாளர் ஆன் கிரேபியல் எலிகளைப் புதிர்ப்பாதையில் ஓடவிட்டுப் பார்த்தபோது, முதலில் வழி முழுக்க அந்தப் பகுதியின் நரம்பணுக்கள் பரபரத்தன. ஓட்டம் பழகியபின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே பரபரத்தன. நடுவில் இருந்த ஓட்டம் முழுவதும் ஒரே துண்டாகிவிட்டது. முதல் அடி வைத்தால் போதும், மிச்சம் தானாக நடக்கும்.

எத்தனை நாள் ஆகும்?

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பேச்சாளர்கள் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் வருகிறது, பள்ளிச் சுவரில்கூட எழுதியிருக்கிறார்கள். இந்த எண் பரவத் தொடங்கியது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவரிடமிருந்து (பிளாஸ்டிக் சர்ஜன்). முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக ஏறத்தாழ மூன்று வாரம் எடுத்துக்கொள்வதை அவர் கவனித்தார். பழைய மனச்சித்திரம் மறையக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகும் என்று 1960இல் எழுதினார். "குறைந்தது", "சுமார்" என்ற சொற்கள் வழியில் உதிர்ந்துபோயின. முகத்துக்குப் பழகுவதும் உடற்பயிற்சிக்குப் பழகுவதும் ஒன்றல்ல என்பதையும் யாரும் கேட்கவில்லை.

உண்மையிலேயே அளந்து பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி. அவரும் அவரது குழுவினரும் 96 பேரிடம் ஆளுக்கு ஒரு புதுச் செயலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தினமும் ஒரே சூழலில் அதைச் செய்ய வேண்டும். காலை உணவோடு ஒரு குவளை தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் 15 நிமிடம் ஓடுவது போன்ற எளிய செயல்கள்தான். 84 நாள் வரை, அந்தச் செயல் எவ்வளவு தூரம் யோசிக்காமலே வருகிறது என்று தினமும் பதிவுசெய்தார்கள். பழக்கம் அதன் உச்சத்தை நெருங்க எடுத்த காலம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. குறைந்தது 18 நாள், அதிகபட்சம் 254 நாள், நடு மதிப்பு 66 நாள். (254 என்பது 84 நாள் பதிவை வைத்துக் கணக்கிட்டு நீட்டியது. அந்த மனிதர் அத்தனை நாள் ஆய்வில் இருக்கவில்லை.) தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது சீக்கிரம் ஊறின. உடற்பயிற்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காலம் ஆனது.

66 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். அதையும் இன்னொரு 21 ஆக்கிவிடுவோம். அந்த ஆய்வில் அதைவிடப் பயனுள்ள விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. தொடக்க நாட்களில்தான் ஒவ்வொரு முறை செய்வதும் அதிகப் பலன் தருகிறது, பிறகு முன்னேற்றம் மெல்ல மெல்லச் சமன்படுகிறது. ஆகவே முதல் சில வாரங்களைக் கண்போலக் காக்க வேண்டும். இன்னொன்று: இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. ஒரே ஒரு நாள் தவறியதற்காக எல்லாமே பாழாகிவிட்டது என்று மூட்டை கட்டியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்மிடம் ஒரு மண்டலம், 48 நாள் என்று ஒரு கணக்கு உண்டு. சித்த மருந்து சாப்பிடவும் நேர்த்திக்கடனுக்கும் அந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள். 48இல் மாயம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் நடைமுறைக்கு அது நல்ல அளவு. ஒரு வாரத்தில் பலன் எதிர்பார்க்கிற அவசரத்தை அது தடுக்கிறது. தினமும் ஒரே வேளை, வெறும் வயிற்றில், பாலோடு என்று சூழலையும் சேர்த்தே விதிக்கிறது.

எங்கே, எப்போது, எதற்குப் பிறகு

2002இல் பிரிட்டனில் சாரா மில்ன், ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன் ஆகியோர் மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வைப் பாருங்கள். அடுத்த வாரத்துக்குள் ஒரு முறையாவது 20 நிமிடம் நன்றாக வியர்க்க உடற்பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவுக்கு உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று எடுத்துச் சொன்னார்கள். மூன்றாவது குழுவிடம் அதையும் சொல்லிவிட்டு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப் போகிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். முதல் குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். அறிவுரை கேட்ட குழுவில் 35 சதவீதம். எழுதிவைத்த குழுவில் 91 சதவீதம்.

அறிவுரை ஆர்வத்தை உயர்த்தியது. ஆனால் ஆர்வம் யாரையும் எழுப்பி நடக்கவைக்கவில்லை. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அறிவுரைகளை நினைத்துப் பாருங்கள். "ஒழுங்காகப் படி" என்று நூறு முறை சொல்கிறோம். எந்த இடத்தில் உட்கார்ந்து, எந்த வேலைக்குப் பிறகு என்று ஒரு முறையும் பேசுவதில்லை.

அரசுத் தேர்வுக்குத் தயாராகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். "தினமும் எட்டு மணி நேரம் படிப்பேன்" என்று அவர் எழுதி ஒட்டினால் அது ஆசை. "காலையில் டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் மாடி அறையில் உட்கார்ந்து பத்துக் கணக்குப் போடுவேன்" என்று எழுதினால் அதில் தூண்டல் இருக்கிறது, இடம் இருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்றும் இருக்கிறது. டீ தினமும் குடிக்கத்தான் போகிறார். ஏற்கெனவே ஊறிப்போன ஒரு பழக்கத்தின் வாலில் புதியதைக் கட்டிவிடுவதுதான் உத்தி. பத்துக் கணக்கு கொஞ்சம்தானே என்று தோன்றும். கொஞ்சமாக இருக்கட்டும். தலைவலி நாளிலும், விருந்தாளி வந்த நாளிலும் செய்யக்கூடிய அளவாக இருந்தால்தான் அது தினமும் நடக்கும், தினமும் நடந்தால்தான் ஊறும். பத்து முடித்தபின் கை நிற்காமல் முப்பது வரை போனால் போகட்டும், ஆனால் வாக்குக் கொடுத்தது பத்துக்குத்தான். எட்டு மணி நேரத்தை அந்தத் தொடக்கத்தின் மேல் மெல்ல மெல்லக் கட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. செய்யக்கூடாததைச் செய்யாமல் இருப்பது. இங்கேதான் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு போராடுகிறார்கள். 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் நர்சரிப் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷல் செய்த சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். குழந்தையிடம் ஒரு பேரம்: ஒரு மிட்டாய் இப்போதே, கொஞ்ச நேரம் காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் வாழ்க்கையில் வெல்கிறார்கள் என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் குழந்தைகள் எப்படிக் காத்திருந்தார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது. தின்பண்டம் கண்முன்னே இருந்தபோது பெரும்பாலோரால் கொஞ்ச நேரம்கூட இருக்க முடியவில்லை. அதை மூடி மறைத்தபோது பல மடங்கு நேரம் இருந்தார்கள். சமாளித்த குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பெரியவர்களிடமும் இதேதான். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பகுதியில் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழுவினர் 205 பேருக்கு ஒரு கருவியைக் கொடுத்து, ஒரு வாரம் முழுக்க அவ்வப்போது அழைத்து, "இப்போது உங்களுக்கு என்ன ஆசை? அதை எதிர்க்கிறீர்களா?" என்று கேட்டார்கள். 2012இல் வெளியான அந்த முடிவுகளில், சுயகட்டுப்பாடு அதிகம் என்று அளவிடப்பட்டவர்களுக்கு ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டிய தருணங்கள் குறைவாகவே வந்திருந்தன. அவர்கள் வலிமையாகப் போரிட்டு வென்றவர்கள் என்பதைவிட, போர் நடக்கும் இடத்துக்கே அதிகம் போகாதவர்கள் என்று சொல்வதே பொருத்தம். இரவில் கைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பது கஷ்டம். அதைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, எழுப்ப ஒரு பழைய அலாரம் கடிகாரத்தைப் படுக்கையருகே வைத்துக்கொள்வது சுலபம். மிக்சர் டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றுவதும் அந்த வகைதான். மாதச் சம்பளத்தில் மீதியைச் சேமிக்க முடியாத குடும்பங்கள் சீட்டுக் கட்டிச் சேமித்துவிடுகின்றனவே, அதுவும் இதே தந்திரம். தேதி முன்கூட்டியே முடிவாகிவிட்டது, கட்டாவிட்டால் தெரிந்தவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். பணம் கைக்கு வருவதற்கு முன்பே செலவழிக்கும் ஆசையின் வழி அடைபட்டுவிடுகிறது.

விடாமுயற்சி எங்கே வருகிறது?

பழக்கம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்றால் விடாமுயற்சிக்கு வேலை என்ன? தோற்ற பிறகும், விட்டுப்போன பிறகும் அதே இடத்துக்குத் திரும்பி வருவதுதான் அதன் வேலை. இதற்கு நான் எப்போதும் கென்யாவின் எலியுட் கிப்சோகேயைத்தான் சொல்வேன். 2003இல், 18 வயதில், 5000 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாம்பியன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2008 பெய்ஜிங்கில் வெள்ளி. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குக் கென்ய அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. பலர் அதோடு முடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் அடுத்த ஆண்டே ஹாம்பர்க்கில் முதல் மராத்தான் ஓடி வென்றார். 2016இலும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் மராத்தான் தங்கம். 2022இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடி என்று தன் உலகச் சாதனையையே முறியடித்தார்.

அவருடைய நாட்களைப் பார்த்தால் அதில் வீராவேசம் எதுவும் இல்லை. வீடும் குடும்பமும் எல்டோரெட்டில் இருக்க, வாரநாட்களில் கப்டகாட் என்ற ஊரில் உள்ள எளிய பயிற்சி முகாமில் மற்ற ஓட்டக்காரர்களோடு தங்குவார். விடியலில் கூட்டமாக ஓட்டம். முகாமைக் கூட்டுவது, கழிவறை கழுவுவது எல்லாம் முறைவைத்து அவரும் செய்வார். ஒவ்வொரு நாள் பயிற்சியையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். பயிற்சியாளர் பேட்ரிக் சாங், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தடைத்தாண்டும் நெடு ஓட்டத்தில் வெள்ளி வென்றவர், இளமையிலிருந்தே உடனிருப்பவர். இன்று ஓடலாமா வேண்டாமா என்று தனியாக உட்கார்ந்து யோசிக்க அந்த முகாமில் இடமே இல்லை. அணியில் இடம் இழந்த ஏமாற்றத்துக்குப் பிறகும் அடுத்த விடியலின் ஓட்டம் அவருக்குக் காத்திருந்தது.

நமக்கும் அப்படியொரு நோட்டு உதவும். காலண்டர் தாளில் செய்த நாளுக்கு ஒரு டிக், அவ்வளவு போதும். விட்ட நாளுக்குத் தண்டனை வேண்டாம், மறுநாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்டவும் வேண்டாம். இரண்டு மடங்கு என்றதும் மூன்றாம் நாள் உடம்பு கெஞ்சும். மறுநாள் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு, அவ்வளவுதான்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பழக்கத்தின் பிடிவாதத்தைப் பற்றி அது சொல்வது உண்மை. ஆனால் மாற்றவே முடியாது என்று அதற்குப் பொருள் கொண்டு பலர் மனம் தளர்ந்துபோகிறார்கள். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே போதை மருந்துக்கு அடிமையாகியிருந்தார். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. காரணங்கள் பல இருந்தாலும், மருந்தைச் சுற்றியிருந்த இடம், ஆட்கள், பயம், அது சுலபமாகக் கிடைத்தது எல்லாமே ஒரே நாளில் பின்னால் போய்விட்டது பெரிய காரணம். வீடு மாறும்போது, வேலை மாறும்போது, கல்லூரி சேரும்போது பழைய தூண்டல்கள் அறுந்துபோகின்றன. ஒன்றை விடவோ தொடங்கவோ அவை நல்ல தருணங்கள். வீடு மாறாமலும் வழி உண்டு. அலுவலகம் விட்டு வரும்போது கால் தானாக ஒரு கடைக்குத் திரும்புகிறது என்றால், சில மாதங்களுக்கு வேறு தெரு வழியாக வரலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குடி நீண்ட நாள் உடம்பில் ஊறியிருந்தால் அது பழக்கம் என்ற எல்லையைத் தாண்டிய நோய். திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு மருத்துவர் வேண்டும். வீட்டிலிருப்பவர்கள் அவரை "வைராக்கியம் இல்லாதவன்" என்று ஏசுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஒழுங்கைப் பற்றிய பேச்சில் அடிக்கடி விடுபடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்த மிட்டாய்ச் சோதனையை 2018இல் டைலர் வாட்ஸும் அவரது குழுவும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை வைத்து மறுபடி ஆராய்ந்தார்கள். குடும்பத்தின் வசதியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுத்ததும், காத்திருந்ததற்கும் பிற்காலப் படிப்புக்கும் உள்ள தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. நாளை சோறு கிடைக்கும் என்று நம்ப முடிந்த வீட்டுப் பிள்ளைக்குக் காத்திருப்பது சுலபம். அதுபோல, காலை ஐந்து மணிக்கு எழுந்து தனக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கு என்ற அறிவுரை, நாலு மணிக்கே எழுந்து சமைத்து வைத்துவிட்டு மில் வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்குப் பொருந்தாது. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறுகிற தொழிலாளிக்கும் பொருந்தாது. தமக்கென்று நிலையான ஒரு நேரம் அவர்கள் நாளில் இல்லை.

ஆனால் மணி மாறினாலும் மாறாத செயல்கள் அவர்கள் நாளிலும் இருக்கின்றன. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்காருவது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, படுக்குமுன் கதவைத் தாழிடுவது. புதுச் செயலை மணியோடு கட்டாமல் இவற்றில் ஒன்றோடு கட்டலாம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கம் படிப்பது, தட்டு கழுவியதும், சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை, கதவு தாழிட்டதும் ஐந்து நிமிடம் முதுகை நீட்டி வளைப்பது. எதோடு கட்டுகிறோம் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி, அந்தச் செயல் நடக்கிற இடத்திலேயே ஒட்டிவைத்துவிடுங்கள். மாத்திரை அட்டையை அலமாரிக்குள் வைக்காமல், பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து சற்றுத் தள்ளி, கண்ணில் படுகிற, ஈரம் படாத இடத்தில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.